அய்யா பேர் இல்லாத பட்டியல்

எண்பதுகளின் கடைசியில் எங்கள் கம்பெனிக்கு குரூப் இன்சூரன்ஸ் வந்தது. ஷெட்டில் வேலை பார்க்கிறவர்களுக்கு ஈ.எஸ்.ஐ. உண்டு. மேஜை நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிற எங்களுக்குச் சம்பளம் அதற்கான வரம்பைத் தாண்டிவிட்டது என்று அது கிடையாது. உடம்புக்கு ஒன்று வந்தால் கைக்காசுதான். மதுரை டவுனுக்குள் ஆபீஸ், நான் அங்கே டைப்பிஸ்ட். திருப்பரங்குன்றத்தில் வாடகை வீடு. வீட்டில் கணவர், இரண்டு பிள்ளைகள், மாமியார். பேரையூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் தனியாக என் அப்பா. அய்யா என்றுதான் நான் அவரைக் கூப்பிடுவேன். அம்மா நான் பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே போய்விட்டாள். கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை.

இன்சூரன்ஸ் ஆபீஸிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். டிபன் ரூமில் எங்களை உட்கார வைத்து, ஆளுக்கொரு வடையும் டீயும் கொடுத்து, இரண்டு திட்டங்களைச் சொன்னார். முதல் திட்டத்தில் நாம், கணவன் அல்லது மனைவி, இரண்டு பிள்ளைகள். இரண்டாவதில் இவர்களோடு பெரியவர்களும் சேரலாம். ஆனால் சம்பளத்தில் கொஞ்சம் கூடுதலாகப் பிடிப்பார்கள். ஆளுக்கு ஒரு திட்டம் என்று எடுக்க முடியாது, ஆபீஸ் மொத்தமும் சேர்ந்து ஒன்றைத்தான் எடுக்க வேண்டும். பில் கலெக்டர் ஒருத்தர் எழுந்து, "சார், ரெண்டு வீடு வச்சுருக்கவுக எந்த வீட்டம்மா பேரைப் போடுறது?" என்று கேட்டார். அவர் மறுபடி உட்காரும்வரை மற்றவர்கள் சிரித்தார்கள்.

கல்யாணம் ஆகாத பையன்கள் முதல் திட்டமே போதும் என்றார்கள். எனக்கு வந்ததே கோபம். அத்தனை ஆண்களுக்கு நடுவில் எழுந்து நின்று, "பெத்தவங்கள விட்டுட்டு இன்சூரன்ஸ் எடுத்து யாரைக் காப்பாத்தப் போறீங்க? உங்களுக்கு என்ன நோய் வரப்போகுது? நோய் வர்ற வயசுல வீட்ல இருக்கிறது யாரு?" என்று சத்தம் போட்டேன். மேனேஜரே கை தட்டினார். கை தூக்கச் சொன்னபோது இரண்டாவது திட்டத்துக்குத்தான் நிறையக் கைகள் எழுந்தன. என் பேச்சால் வந்தது என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன். ஊருக்குத்தான் உபதேசம் என்று அன்றைக்கு எனக்கே தெரியாது.

என் மனசில் இருந்தது அய்யாவின் குடலிறக்கம். மூன்று நான்கு வருஷமாக அடிவயிற்றில் ஒரு புடைப்போடு இருந்தார். வேட்டிக்குள் ஒரு பழந்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுவார். இருமினால் கையை அங்கே வைத்து அழுத்திக்கொள்வார். ஆண்கள் நிறைந்த கூட்டத்தில் இதை எப்படிக் கேட்பது? ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அந்த அதிகாரியிடம் நீட்டினேன். அவர் படித்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "தனியாப் பாலிசி எடுத்தா ஹெர்னியாவுக்கு முதல் வருஷம் கிடையாதும்மா. குரூப்பா எடுக்கிறதால உங்களுக்கு உண்டு. தைரியமாப் போடுங்க." எனக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது.

ஏனென்றால் அய்யா என் கையிலிருந்து ஒரு பைசா வாங்க மாட்டார். எங்கள் பக்கத்தில் பெண்ணைக் கொடுத்த வீட்டில் கை நனைக்கக்கூடாது என்பார்கள். பேரன் பேத்தி பிறந்துவிட்டால் சாப்பிடலாம் என்று ஒரு தளர்த்தல் உண்டு. அய்யா அதற்கும் மசியவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்தால் ஒரு சொம்புத் தண்ணீர், அவ்வளவுதான். ஆபரேஷனுக்கு நான் பணம் தருகிறேன் என்றால், "ஏந்த்தா, நாங் குடுத்தவன். குடுத்த கையி வாங்கக்கூடாது. மக சம்பாத்தியத்துல வைத்தியம் பாத்தான்னா ஊர்ல ஒரு பய என்னைய மதிப்பானா?" என்பார். சர்க்கார் பெரியாஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால், ஓசிக்குப் போய்ப் படுக்க மாட்டேன் என்று அதற்கும் ஒரு வீம்பு.

அந்த ஞாயிற்றுக்கிழமையே ஊருக்குப் போனேன். சித்திரை மாதம், வெயில் மண்டையைப் பிளந்தது. விஷயத்தைச் சொன்னதும் அய்யா சந்தேகமாகக் கேட்டார்.

"யாரு, உங்க மொதலாளியா குடுக்குறாரு?"

"ஆமாய்யா. கம்பெனியே குடுக்குது."

சம்பளத்தில் பிடிப்பார்கள் என்பதை நான் சொல்லவில்லை. 

"வேல செய்யிற எடத்துல குடுக்குறது கூலி மாதிரி. அத வாங்கலாம். தப்பில்ல. மக குடுக்கல, மக வேல பாக்குற எடம் குடுக்குது" என்றார். அவருக்கு அவரே தீர்ப்புச் சொல்லிக்கொண்டது போல இருந்தது. முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. நானும் வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். நல்ல தனியார் ஆஸ்பத்திரி, தனி ரூம், கூடவே நர்ஸ். கார்டு வரட்டும், வந்ததும் செய்துவிடலாம், அதுவரை கனமான எதையும் தூக்கக்கூடாது என்று கட்டளை வேறு போட்டுவிட்டு வந்தேன்.

வயதுக்குச் சான்று வேண்டும் என்று சொல்லியிருந்தேன். அவர் மூன்றாங் கிளாஸ் வரை படித்தவர். பேரையூரில் படித்த பள்ளிக்கூடத்துக்கு நான்கு தடவை நடந்து, பழைய ரிஜிஸ்டரைத் தேட வைத்து, தலைமையாசிரியரிடம் கையெழுத்து வாங்கிவிட்டார். ஸ்டூடியோவுக்குப் போய்ப் போட்டோவும் எடுத்திருந்தார். இரண்டையும் எடுத்துக்கொண்டு திருமங்கலம் வழியாக பஸ் மாறி மதுரைக்கு வந்து, எங்கள் ஆபீஸ் வாசலில் நின்றார். வாட்ச்மேனிடம், "எம் மகளுக்கு இங்கதேன் வேல. எனக்கும் சேத்து இன்சூரன்சு போடுறாக" என்று சொல்லிக்கொண்டிருந்தார். போட்டோவில் கழுத்துப் பட்டன்வரை போட்டு, தோளில் துண்டை மடித்து வைத்து, விறைப்பாக நின்றிருந்தார். இடது கை மட்டும் வழக்கம்போல அடிவயிற்றுக்குப் போயிருந்தது.

அவர் போன பிறகுதான் சர்க்குலர் வந்தது. பெரியவர்கள் என்றால் பெற்றோர், இல்லையென்றால் மாமனார் மாமியார். ஏதாவது ஒரு பக்கம் மட்டும்தான். ஒருமுறை எழுதிக்கொடுத்தால் வருஷம் முடிகிறவரை மாற்ற முடியாது.

வீட்டில் கணவரிடம் சர்க்குலரைக் காட்டினேன். அவர் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"உன் ஆபீஸ், உன் சம்பளம். நீயே முடிவு பண்ணிக்க. நாளைக்கு அம்மா கேட்டா என்ன சொல்றதுன்னு மட்டும் யோசிச்சுக்க."

இதை வைத்து அவர் மேல் பழி போட நான் பல தடவை முயன்றிருக்கிறேன். நியாயம் இல்லை. அவர் சொன்னது அவ்வளவுதான், மறுபடி அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மாமியாரும் எதுவும் கேட்கவில்லை. இன்சூரன்ஸ் என்றால் செத்தால் பணம் வருவது என்றுதான் அவர் நினைத்திருந்தார். கல்லைத் தின்றாலும் செரிக்கிற உடம்பு, ஒரு தலைவலி என்று படுத்து நான் பார்த்ததில்லை. அதோடு, என் பிள்ளைகளை வளர்த்ததே அவர்தான். அவர் இல்லையென்றால் நான் வேலைக்கே போயிருக்க முடியாது. அவருக்குச் செய்ய வேண்டியது நிறைய இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் ஆபரேஷன் தேவைப்பட்டது அவருக்கு இல்லை.

பட்டியலை டைப் அடிக்கிற வேலை எனக்குத்தான் வந்தது. ஆபீஸ் முழுவதற்கும் ஒரே பட்டியல். பெயர், உறவு, வயது என்று ஸ்டென்சிலில் அடித்து, பிரதி எடுத்து, ஒன்றை நோட்டீஸ் போர்டில் ஒட்ட வேண்டும். தப்பு இருந்தால் அவரவர் பார்த்துச் சொல்வதற்காக. என் முறை வந்தபோது கணவர் பெயர், பிள்ளைகள் பெயர், அதற்குக் கீழே அய்யாவின் பெயரைத்தான் அடித்தேன். சான்றிதழைப் பார்த்து வயதையும் அடித்தேன்.

அந்த நேரம் பார்த்து டெஸ்பாட்ச் செக்ஷனிலிருந்து ஒருவர் வந்து நின்றார். என் கணவருக்குச் சித்தப்பா முறை, எனக்கு மாமா. அந்த வேலையில் என்னைச் சேர்த்துவிட்டதே அவர்தான். தன் பெயரில் எழுத்துப் பிழை இல்லாமல் வந்திருக்கிறதா என்று பார்க்க வந்தவர், குனிந்து என் வரிகளையும் ஒரு பார்வை பார்த்தார்.

"மதினி பேர எங்கம்மா போட்டுருக்க?" என்றார்.

அவருக்கு மதினி என்றால் என் மாமியார். அவர் அதட்டவில்லை, சும்மா கேட்டார்.

"அடுத்த வரியில வருது மாமா."

"அதானே. நீ விட்டுருவியா? எங்க அண்ணன் வீட்டுக்கு வாச்ச மருமகளாச்சே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான் அந்த ஸ்டென்சிலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாளைக்கு இது போர்டில் தொங்கும். இவர் படிப்பார். அடுத்த முகூர்த்தத்துக்குள் அவர்கள் சாதிசனம் முழுவதும் தெரிந்துவிடும். மாமியாரைப் பிள்ளை வளர்க்க வைத்துக்கொண்டு அப்பன் பேரை எழுதிக்கொடுத்திருக்கிறாள் என்பார்கள். என்னைப் பற்றி இதுவரை ஒரு குறை வந்ததில்லை. அந்த நல்ல பெயர் எனக்குப் பிடித்திருந்தது, ரொம்பவே பிடித்திருந்தது. அய்யாவுக்கு என்ன, அடுத்த வருஷம் மாற்றிக்கொள்ளலாம், இத்தனை வருஷம் இருந்த புடைப்பு இன்னும் ஒரு வருஷம் இருக்காதா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பிழை திருத்துகிற சிவப்புத் திரவத்தை எடுத்து அய்யாவின் பெயர்மேல் தடவினேன். அது காயும்வரை வாயால் ஊதினேன். அப்புறம் அதே இடத்தில் மாமியார் பெயரை அடித்தேன். யாரும் என் கையைப் பிடித்து அடிக்க வைக்கவில்லை.

இதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஒரு பக்கம்தான் என்றால் யாராவது ஒருத்தர் விடுபடத்தான் வேண்டும். அய்யாவிடம் போய், "உங்க பேரைப் போட முடியலய்யா" என்று அன்றைக்கே சொல்லியிருந்தால் அதோடு போயிருக்கும். நான் சொல்லவில்லை. அதுதான் இன்றுவரை என்னால் யாரிடமும் வாய்விட்டுச் சொல்ல முடியாத விஷயம்.

ஆனி மாதம் வந்து, "கார்டு வந்துருச்சாத்தா?" என்று கேட்டார். இன்னும் வரவில்லை என்றேன். ஆவணியில் கேட்டார். மெட்ராஸிலிருந்து வர வேண்டும் என்றேன். அதற்குள் ஊரில் அவர் எல்லோருக்கும் சொல்லிவிட்டிருந்தார். டவுன் பஸ்ஸில் பார்த்த ஊர்க்காரம்மா ஒருத்தி, "ஒங்கய்யாவுக்குக் கம்பெனியில ஆப்பரேசன் பாக்கப் போறாகளாமே, குடுத்து வச்ச மனுசன்" என்றாள். திருடனுக்குத் தேள் கொட்டியது போல நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கம்பெனி கார்டு வந்து, மாமியார் பெயரோடு பீரோவில் புடவைக்கு அடியில் கிடந்தது.

ஒரு யோசனை வராமல் இல்லை. ஆபீஸில் லோன் போட்டு ஆபரேஷனை முடித்துவிட்டு, கம்பெனி கொடுத்தது என்று அய்யாவிடம் சொல்லியிருக்கலாம். அவர் நம்பியிருப்பார். ஆனால் லோன் என்றால் வீட்டில் சொல்ல வேண்டும். எதற்கு என்று கேட்டால், ஏன் அய்யா நம்பிக் காத்திருக்கிறார் என்றும் சொல்ல வேண்டும். ஒரு முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, அதன்மேல் இன்னும் கொஞ்சம் சோற்றைப் போட்டுக்கொண்டே இருந்தேன்.

புரட்டாசியில் மறுபடியும் ஆபீஸ் வாசலுக்கு வந்தார். நடை கோணலாக இருந்தது. கேட்கத் தயங்கித்தான் கேட்டார். எனக்கு என்மேல் இருந்த எரிச்சலெல்லாம் அவர்மேல் பாய்ந்தது.

"சும்மா சும்மா வந்து நிக்காதீங்கய்யா. வந்தா நான் சொல்ல மாட்டேனா? ஆபீஸ்ல என்ன நினைப்பாங்க?"

"சரித்தா, சரித்தா. நீ கோவப்படாத. வெயிலுக்கு முந்தி நான் போறேன்" என்று உடனே திரும்பிவிட்டார். பஸ்ஸுக்குக் காசு இருக்கிறதா என்றுகூட நான் கேட்கவில்லை.

கார்த்திகை மாதம் ஒரு நாள் காலை பதினோரு மணிக்கு ஆபீஸுக்குப் போன் வந்தது. அய்யாவின் பக்கத்துத் தோட்டத்துக்காரர் பேசினார். விடிந்ததிலிருந்து வயிற்று வலி, வாந்தி. டாக்ஸி பிடித்து மதுரைக்குக் கொண்டுவந்துவிட்டாராம். பெரியாஸ்பத்திரிக்குத்தான் அவர் கொண்டுபோகப் பார்த்தாராம். அய்யாதான் அந்த வலியிலும், "எம் மக ஆபீஸ்ல இன்சூரன்சு இருக்குப்பா, தனியாருக்கே விடு" என்றாராம். நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோய்விட்டார்கள்.

டாக்டர் வெளியே வந்து முகக்கவசத்தைக் கழற்றினார்.

"குடல் வெளிய வந்து மாட்டிக்கிட்டுக் கறுத்துப் போச்சு. ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி எடுத்துருக்கோம். உயிருக்கு இனிமே பயமில்ல. ஆனா முந்தி மாதிரி மம்பட்டி புடிக்க முடியாது. ஏம்மா, படிச்ச பொண்ணுதானே நீ? நாலு மாசம் முந்தி வந்திருந்தா மூணு நாள்ல வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். இம்புட்டு நாளா என்னத்துக்குக் காத்துக்கிட்டு இருந்தீக?"

என்னத்துக்கு என்று எனக்குத் தெரியும். புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் என் கணவர் என் தோளைத் தொட்டு, "அழாத, அதான் பொழச்சுட்டாருல்ல" என்றார். அவரிடமும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் அய்யா நன்றாகப் பேசினார். கணவர் மருந்து வாங்கப் போயிருந்தார். மாமியார் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தார். டாக்டர் ரவுண்ட்ஸ் வந்து கட்டைப் பார்த்துவிட்டுக் கிளம்பியபோது, அய்யா படுத்தபடியே கையைத் தூக்கி அவரை நிறுத்தினார்.

"டாக்டரய்யா, எம் மக கம்பெனியில பாரம் குடுப்பாக. அதுல நீங்க கையெழுத்துப் போடணுமாம்."

"ஓ, கிளெய்மா? தாராளமா. கொண்டாம்மா, இப்பவே போட்டுடுறேன்" என்று டாக்டர் என் பக்கம் கையை நீட்டினார்.

 மாமியார் உரித்துக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"அது என்ன பாரம்? ஆபீஸ்ல எம் பேரைத்தான போட்டுருக்கான்னு எங்க கொழுந்தன் சொன்னாரு. அண்ணே, உங்க பேரும் அதுல இருக்கா?"

அவர் குரலில் ஒரு கள்ளமும் இல்லை, தெரியாமல்தான் கேட்டார். டாக்டரின் கை இன்னும் நீட்டியபடி இருந்தது. அய்யா என்னைப் பார்த்தார். நான் கட்டிலின் இரும்புக் கம்பியைப் பார்த்தேன். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

"அட ஆமா" என்றார் அய்யா. சிரிக்க முயன்றார், தையல் இழுத்திருக்க வேண்டும், முகம் சுளித்தது. "மயக்க மருந்து குடுத்ததுல எல்லாமே மறந்து போச்சு தங்கச்சி. மொதல்ல எம் பேரைத்தேன் போடுறேன்னுச்சு. நாந்தேன் வேணாம்னுட்டேன். புகுந்த வீட்டப் பாரு, மாமியா பேரப் போடு, எனக்கென்ன குத்துக்கல்லு மாதிரி இருக்கேன்னு நாந்தேன் சண்ட போட்டு எழுதச் சொன்னேன். என்னத்தா, அப்படித்தான?"

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்று வாயாலும் சொன்னேன்.

மாமியாருக்குக் கண் கலங்கிவிட்டது. "இப்படி ஒரு அப்பன் வளத்த பொண்ணு, அதேன் இப்படி இருக்கா" என்று டாக்டரிடம் சொன்னார். டாக்டர் அய்யாவின் காலைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். மாமியார் சாத்துக்குடித் தோலைப் போட வெளியே எழுந்து போனார். அறையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று கிட்டே போனேன். அய்யா என்று மட்டும் கூப்பிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே, ஏதோ கணக்கு விளங்காத ஆள் கேட்பது போலத்தான் கேட்டார்.

"ஏந்த்தா, நீ சித்திரையில ஊருக்கு வந்தீல்ல, அன்னைக்கி காலையிலதேன் மாட்டுக்கு ஆளு வந்து வெல பேசி, அட்வான்சும் நீட்டுனான். அத வித்து ஆப்பரேசன் பாத்துருவோம்னுதேன் இருந்தேன். நீ வந்து சொன்னேன்னு மறுநா அவனத் திருப்பி அனுப்பிட்டேன். பேரு போடலன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நான் பாட்டுக்கு அப்பவே பாத்துருப்பேன்ல?"

 மாமியாரின் செருப்புச் சத்தம் வராந்தாவில் கேட்டதும் அவர் பேச்சை நிறுத்திக்கொண்டு, குடிக்கத் தண்ணீர் கேட்டார்.